மாடியில் மார்கழி நிழல்

கண்ணுச்சாமிக்கு வெள்ளைத்துரையைப் பிடிக்காமல் போன நாளைக் கிழமையோடு சொல்லிவிடலாம். 1984 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை பத்து மணிவரை, மதுரையில் உங்களுக்கு மிகவும் வேண்டிய ஆள் யார் என்று கேட்டிருந்தால் அவன் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

வெள்ளைத்துரை அவருடைய மனைவி மலையம்மாளின் தம்பி. ஆள் நல்ல கறுப்பு. பெயரையும் நிறத்தையும் சேர்த்துவைத்துக் கேலி செய்யாதவர்கள் வடக்கு வெளி வீதியில் இல்லை. அவனும் கூடவே சிரிப்பான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவனை, தான் வேலை பார்த்த, அதே வீதியிலிருந்த சாம்பசிவத்தின் பைப் கடைக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவர் கண்ணுச்சாமிதான்.

கண்ணுச்சாமியின் சொந்த ஊர் அழகர்கோவில் போகிற சாலையில் இருக்கிறது. அவர் அப்பா பேயாண்டி ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். ஒரு சென்ட் நிலம் கிடையாது. கண்ணுச்சாமி ஐந்தாம் வகுப்போடு நின்றார். பதினாறு வயதில், குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிற கூலியாக மதுரைக்கு வந்தார். பள்ளத்துக்குள் இறங்கிக் குழாயை இணைக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டார். இப்போது வயது முப்பத்திரண்டு. ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். காளவாசலுக்கு மேற்கே ஓர் ஓட்டு வீட்டில் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் குடியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சாம்பசிவம் இருவரையும் கூப்பிட்டார். வெயிலில் தண்ணீரைச் சூடாக்குகிற சோலார் பேனல்களை விற்க பெங்களூர் கம்பெனி ஒன்றிடம் ஏஜென்சி எடுத்திருந்தார்.

"நம்மள்ல ஒரு ஆளு பெங்களூர் போகணும்ப்பா. பதினெட்டு நாளு. தங்குற எடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. பேனலை எப்படி மாட்டுறது, எந்தப் பக்கம் பாத்து வைக்கிறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க. கண்ணுச்சாமி, யார அனுப்பலாம்?"

கண்ணுச்சாமிக்குப் போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் நானே போகிறேன் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் மச்சினன் நிற்கிறான்.

"மாப்ளயே போகட்டும்ண்ணே" என்றார். "படிச்ச ஆளு. இங்கிலீசுல சொன்னாலும் புரிஞ்சுக்கிருவான்."

'அட, நீ இருக்கும்போது அவன் எதுக்குப்பா' என்று சாம்பசிவம் சொல்வார். இரண்டு தடவை வேண்டாம் என்று மறுத்துவிட்டு மூன்றாம் தடவை ஒத்துக்கொள்ளலாம் என்பது கண்ணுச்சாமியின் கணக்கு.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு சாம்பசிவம் வந்திருந்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

யாரையும் குறை சொல்ல முடியாது. தானே வாயால் கொடுத்தது. அதனாலேயே அது அவருக்குச் செரிக்கவில்லை.

வெள்ளைத்துரை பெங்களூரிலிருந்து ஷூ போட்டுக்கொண்டு வந்தான். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் திசைகாட்டி. நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். மலையம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள்.

"கறுப்புப் பெயிண்ட் அடிச்ச தகடு மச்சான். அதுல செம்புக் குழாய வச்சு ஒட்டிருக்கான். மேல கண்ணாடி. வெயிலு பட்டா உள்ள இருக்க தண்ணி சுட்டு, தானா மேல ஏறித் தொட்டிக்குப் போயிருது. பச்சத் தண்ணி கீழ எறங்கிருது. மோட்டாரு வேணாம், கரண்டு வேணாம்!"

"தண்ணி தானா மேல ஏறுமாக்கும்" என்றார் கண்ணுச்சாமி, எலும்பைக் கடித்தபடி.

"சத்தியமா ஏறுது மச்சான். நான் தொட்டுப் பாத்தேன்."

மலையம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அவரும்தான் குழாய் வேலை பார்க்கிறார். எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று ஒருநாள் அவள் கேட்டதில்லை. கண்ணுச்சாமி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

முதல் வேலை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அமைந்தது. பன்னிரண்டு பேனல். ஒவ்வொன்றும் கதவு அகலம், கண்ணாடியோடு சேர்த்துப் பெரிய பாரம். படிக்கட்டில் திரும்பாததால் கயிறு கட்டி நான்கு மாடி ஏற்றினார்கள். ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் விழாமல் ஏற்றியது கண்ணுச்சாமியின் கைத்திறன். மேலே போனதும் வெள்ளைத்துரை குனிந்து திசைகாட்டியைத் தரையில் வைத்தான்.

"தெக்குப் பாத்து நிக்கணும். மச்சான், இன்னும் ஒரு சாண் மேக்க தள்ளுங்க. கொஞ்சம், கொஞ்சம்... போதும்."

தள்ளினார். லாட்ஜ் மேனேஜர் வெள்ளைத்துரையை 'சார்' என்றார். அவரை 'ஏப்பா பிளம்பர்' என்றார். டீ வந்தபோது சாருக்குப் பீங்கான் கோப்பை, பிளம்பருக்குக் கண்ணாடி கிளாஸ். இதையெல்லாம் வெள்ளைத்துரை கவனிக்கவில்லை. கண்ணுச்சாமி எதையும் விடவில்லை.

மூன்றாம் நாள் குழாயைத் திறந்து கை வைத்த மேனேஜர் 'ஆ' என்று கையை இழுத்துக்கொண்டார். செய்தி பத்திரிகைக்காரர்களுக்குப் போய், ஒருவர் காமிராவோடு மாடியேறி வந்தார். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. பேனல்களுக்கு முன்னால் வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டு நிற்கிறான். படத்தின் ஓரத்தில், குழாயில் ரெஞ்சைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிகிறது.

மலையம்மாள் அதை வெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் காலண்டருக்கும் நடுவில் சோற்றுப் பசையால் ஒட்டினாள்.

"அந்தக் கை என்னோடது" என்றார் கண்ணுச்சாமி.

அவள் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். "அட, ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தன் வீட்டில் தலைவாரும்போதெல்லாம் அவர் வெள்ளைத்துரையைப் பார்க்க வேண்டியிருந்தது. கடையிலிருந்து இருவரும் ஒன்றாகச் சைக்கிள் மிதித்து வருவது நின்றது. இவர் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பிவிடுவார், அல்லது பின்னால். ஒருமுறை வெள்ளைத்துரை போட்ட இணைப்பு ஒன்று ஒழுகிவிட்டது. அன்றைக்கு முழுதும் கண்ணுச்சாமிக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. இத்தனைக்கும் சணல் சுற்றி அந்த ஒழுக்கை அடைத்தவர் அவர்தான். சைக்கிளில் வீடு திரும்பும்போது, ஒரு ஒழுக்குக்கா இவ்வளவு சந்தோஷம் என்று தோன்றி வெட்கமாக இருந்தது. மறுநாள் அடுத்த ஒழுக்குக்காகக் காத்திருந்தார்.

1985 சித்திரையில் காளவாசல் வேலை வந்தது. பசுபதி என்பவர் அங்கே புதிதாக லாட்ஜ் கட்டித் திறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இருபது பேனல் கேட்டார். அதுவரை மதுரையில் சாம்பசிவம் கடை எடுத்ததிலேயே பெரிய வேலை.

மாடியில் வெள்ளைத்துரை டேப் பிடித்து அளந்தான். சித்திரை வெயில் நாலாபக்கமும் கொட்டிக் கிடந்தது. கிழக்கு ஓரத்தில் நின்று சொன்னான்.

"இங்க வச்சிருவோம் மச்சான். குளியலறைக் குழாயெல்லாம் இந்தப் பக்கந்தான் எறங்குது. பைப்பும் மிச்சம், சூடும் கொறையாது."

கண்ணுச்சாமி தெற்கே பார்த்தார். கிழக்கும் தெற்கும் கூடுகிற மூலையில், குறுகலான சந்துக்கு அப்பால், ஒரு ஜவுளிக் கிடங்கு. அதன் மொட்டை மாடியில் படிக்கட்டு அறை. அந்த அறைக்கு மேல் பெரிய சிமெண்டுத் தொட்டி.

அந்தத் தொட்டிக்குக் குழாய் போட்டதே அவர்தான். முந்தைய மார்கழியில், ஒருநாள் காலை, மிதவை வால்வு மாட்ட அதன் உச்சியில் ஏறி நின்றார். கீழே இந்த லாட்ஜ் மாடியில் தொட்டியின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. நிழலின் தலையில் அவருடைய தலையும் இருந்தது. லாட்ஜில் துணி துவைக்கிற அன்னக்கொடி ஈர விரிப்புகளைச் சுமந்து நின்று, அவரை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"ஏண்ணே, ஒங்க தொட்டி நெழலு பதினோரு மணி வரைக்கும் இங்கிட்டுத்தான் கெடக்கு. துணி காஞ்ச பாடில்ல. கொடியவே மேக்க மாத்திக் கட்டிட்டேன்!"

அதெல்லாம் இப்போது கண் முன்னால் வந்தது. சித்திரையில் சூரியன் வடக்கே ஒதுங்கிப் போவதால் நிழல் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது நிழல் பேனல் மேலேயே படுக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்ன மச்சான், ஒங்களுக்கு என்ன தோணுது?" என்று வெள்ளைத்துரையே கேட்டான்.

"பெங்களூர் போய்ட்டு வந்தவன் நீ. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

வெள்ளைத்துரை அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு சிரித்தான். கிழக்கு ஓரத்தில் இருபது பேனலும் ஏறின. கண்ணுச்சாமி ஒரு திருகாணி குறைவில்லாமல் வேலையைச் செய்தார். கோடையும் ஆடியும் ஐப்பசியும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. பசுபதி வாசலில் 'எந்நேரமும் வெந்நீர்' என்று பெரிய போர்டு வைத்தார். அந்த ஏழு மாதமும் கண்ணுச்சாமி காளவாசல் வழியாகப் போகும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்கி அந்த மாடியைப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்த்திகை கடைசியில் முதல் புகார் வந்தது. மார்கழி பிறந்ததும் மீனாட்சி அம்மனைப் பார்க்க வந்த வடநாட்டுக் கூட்டம் ஒன்று லாட்ஜில் இறங்கியது. காலையில் குளிக்கப் போனவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டார்கள். தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இல்லை; முந்தைய நாள் மத்தியானத்துக்கு மேல் சுட்ட கொஞ்சமும் ராத்திரிக் குளியலிலேயே தீர்ந்திருந்தது. ஒரு வயதான அம்மாள் நடுங்கி நின்றதாகவும், கடைசியில் சமையல்கட்டு அடுப்பில் அண்டா ஏற்றியதாகவும் பசுபதி போனில் கத்தினார்.

சாம்பசிவம் போனை வைத்துவிட்டு இருவரையும் அனுப்பினார்.

காலை எட்டரை மணிக்கு மாடியேறினார்கள். பார்க்க வேண்டியது எதுவுமே இல்லை. இருபதில் பதினாறு பேனல் நிழலில் படுத்திருந்தன. கண்ணாடி மேல் பனி ஈரம்கூடக் காயவில்லை. வெள்ளைத்துரை அந்தத் தொட்டியைப் பார்த்தான், பேனலைப் பார்த்தான். பையிலிருந்து டப்பாவை எடுத்து, திறக்காமலே மறுபடி வைத்துக்கொண்டான்.

இந்த முகத்தைப் பார்க்கத்தான் கண்ணுச்சாமி ஏழு மாதம் காத்திருந்தார். பார்த்தார். நினைத்த அளவு இனிக்கவில்லை.

மேற்குப் பக்கம் வெயிலில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்த அன்னக்கொடி இவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இங்க போயி வச்சிருக்கீகளே தம்பி. மார்கழில இந்தப் பக்கம் பதினோரு மணிக்கு முன்னால வெயிலு எட்டிப் பாக்காதே. போன மார்கழியிலயே இந்த அண்ணங்கிட்டச் சொன்னேன்ல? தொட்டி மேல நின்னீகளே, நீங்கதானண்ணே?"

கண்ணுச்சாமி குனிந்து ஒரு பேனலின் திருகாணியைத் தொட்டுப் பார்த்தார்.

"மாட்டும்போது எங்கக்கா போனீக?" என்று வெள்ளைத்துரை அவளைக் கேட்டான்.

"இங்கனதான் இருந்தேன். எங்கிட்ட யாரு கேட்டா?" அவள் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளைத்துரை கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே போகும் பஸ்களைப் பார்த்தான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"ஞாபகம் இல்லாமப் போச்சா மச்சான்?"

"மறந்துருச்சு மாப்ள" என்றார் கண்ணுச்சாமி. "ஆயிரம் மாடி ஏறுறோம்."

"சரி."

வெள்ளைத்துரை படியிறங்கினான். கீழே வந்து பசுபதியிடம், "தப்பு என்னோடதுதான் சார். சித்திரைல மட்டும் பாத்து முடிவு பண்ணிட்டேன். நாலு நாள்ல மாத்திக் குடுத்துருறோம்" என்றான். பசுபதி வரவேற்பறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திட்டினார். படித்தவன் லட்சணமா இது, பக்கத்தில் நிற்கிற பிளம்பரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாரே என்றார். வெள்ளைத்துரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கண்ணுச்சாமி பக்கத்தில் நின்றார். அவனாவது தன்னைக் கைகாட்டியிருந்தால், இல்லை தெருவில் இறங்கியதும் சட்டையைப் பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் சைக்கிளை எடுத்து, "வாரேன் மச்சான், கடைல சொல்லணும்" என்று மிதித்துப் போய்விட்டான். இதிலும் இவன்தான் பெரிய மனுஷன் ஆகிவிட்டானே என்று கண்ணுச்சாமிக்கு ஆத்திரமாக வந்தது.

பேனல்களை மேற்கு ஓரத்துக்கு மாற்றினார்கள். கைப்பிடிச் சுவரின் சாயங்கால நிழல் தொடாதபடி ஆறடி உயரத்தில் ஆங்கிள் இரும்பில் தாங்கி அடித்து, குழாயைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோனார் கண்ணுச்சாமி. நீண்ட குழாயில் சூடு இறங்காமல் இருக்கப் பஞ்சைச் சுற்றி, மேலே தகரம் போர்த்தினார். அன்னக்கொடியின் கொடிக்கு வேறு இடம் தேடி அவரே கட்டிக்கொடுத்தார். மார்கழி முடிவதற்குள் வெந்நீர் திரும்பியது. சாம்பசிவம் நேரில் வந்து பார்த்து, "கண்ணுச்சாமி, ஒன் கை தனிதான்ப்பா" என்றார். வெள்ளைத்துரை உடனே சொன்னான்: "இனிமே மச்சான் ஒரு தடவ மாடியப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் வேலைய எடுக்கணும்ண்ணே."

அந்தப் பாராட்டைக் கண்ணுச்சாமியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. குத்திக் காட்டுகிறானா, மனசாரச் சொல்கிறானா என்று வாரக்கணக்கில் யோசித்தார்.

வெள்ளைத்துரை அந்தத் தப்பை அப்படியே பெங்களூருக்கு எழுதி அனுப்பியிருக்கிறான். கோடையில் மட்டும் மாடியைப் பார்த்து இடம் குறிக்கக் கூடாது, பக்கத்துக் கட்டடங்களின் மார்கழி நிழலையும் விசாரிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். கம்பெனிக்காரர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. 1986 ஆனியில் அவனைத் தங்களிடமே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கண்ணுச்சாமி அவனுக்காக வெட்டிய குழி, அவனைத் தூக்கிவிடுகிற படியாகப் போயிற்று.

அவன் போன பிறகு கடையில் கண்ணுச்சாமிதான் தலைமை ஃபிட்டர். திருநகரில் ஒரு கல்யாண மண்டபம், பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஹோட்டல் என்று வேலை தொடர்ந்து வந்தது. ஹோட்டல்காரர் ஒருவர் அவரை 'சார்' என்றுகூடக் கூப்பிட்டார். பீங்கான் கோப்பையில் காபியும் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் பெங்களூர்க் கடிதம் இருக்கும். தம்பிக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், தம்பி ஆந்திராவுக்குப் போய் வந்திருக்கிறான் என்று மலையம்மாள் தெருவுக்கே வாசித்துக் காட்டுவாள்.

1987 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள். "எந்தம்பி கைய வச்சா எதும் வெளங்காமப் போகாதுங்க."

கண்ணுச்சாமி தட்டைத் தள்ளினார்.

"ஒந்தம்பி கைய வச்ச லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்? காளவாசல்ல நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் அம்புட்டுப் பேச்சு வாங்கியிருக்க மாட்டான். தெரிஞ்சேதான் சொல்லல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மலையம்மாள் கத்தவில்லை. தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் அப்பிடி என்ன செஞ்சான் ஒங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தார். சொல்வதற்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

ஐந்து நாள் அவள் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். ஆறாம் நாள் ஓர் இன்லண்டு லெட்டரை வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். "எங்கிட்டச் சொன்னத அவங்கிட்டச் சொல்லுங்க."

எழுத இரண்டு நாள் ஆயிற்று. தெரிந்தே சொல்லவில்லை, பெங்களூருக்கு நான் போக ஆசைப்பட்டேன், வாய்விட்டுக் கேட்காதது என் தப்பு என்று எழுதினார். ஒட்டி, தபாலில் போட மலையம்மாளிடமே கொடுத்தார்.

பதில் கார்த்திகையில் வந்தது. மலையம்மாள் பிரிக்காமல் அவரிடமே கொடுத்தாள்.

"மச்சானுக்கு வெள்ளைத்துரை எழுதுவது. அன்னக்கொடி அக்கா சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோனது. கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஊருக்கு வரும்போது நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், நீங்களே சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது ஒரு காரியம். ஓசூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு நூற்றிருபது பேனல் மாட்டப் போகிறோம். கட்டடத்துக்குத் தெற்கே பெரிய புளியமரம் இருக்கிறது. வெட்டக் கூடாது என்கிறார்கள். இங்கே இருக்கிற இன்ஜினியர் ஒன்றும் ஆகாது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுதவும்."

கண்ணுச்சாமி மூன்று தடவை படித்தார்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள் மலையம்மாள்.

"நூத்தியிருவது பேனலாம்."

"அது கெடக்கட்டும். வேறென்ன?"

"நூத்தியிருவது" என்றார் மறுபடி. அவர் மாட்டியதிலேயே பெரியது நாற்பது. அந்தப் பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே போனார். தெருமுனையில் இருந்த ஒரு வேப்பமரத்தின் நிழலைக் காலடியால் அளந்துகொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பதில் எழுத உட்கார்ந்தார். மரம் எத்தனை அடி உயரம், கட்டடத்திலிருந்து எத்தனை எட்டு தள்ளி இருக்கிறது என்று கேட்டார். இன்ஜினியர் சொல்வதை நம்பாதே, இப்போது மார்கழி வரப்போகிறது, மூன்று நாள் காலை எட்டு மணிக்கும் உச்சிக்கும் மூன்று மணிக்கும் மாடியில் நிழலின் ஓரத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுவை என்றார். மரம் இன்னும் வளரும், அதற்கும் நாலு எட்டு விடு என்றார். புரியாமல் போய்விடக் கூடாது என்று மரமும் கட்டடமுமாகப் படம் வேறு போட்டார். அங்கே கூட்டுகிற, துவைக்கிற ஆட்களைக் கண்டிப்பாக விசாரி என்று அடிக்கோடு இட்டார்.

கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. 'பெரிய வேலைதான் உனக்குக் கிடைத்திருக்கிறது' என்று எழுதினார். படித்துப் பார்த்து அடித்தார். பிறகு அடித்ததற்குக் கீழே அதையே மறுபடி எழுதி, ஒட்டி, கடைக்குப் போகிற வழியில் காளவாசல் தபால் பெட்டியில் போட்டார்.